நியமனமும் நியாயமும்: நீதிமன்றின் ஆளணி மேசை குறித்து ஓர் அறவியல் நோக்கு

நீதியை வழங்குபவர் யார் என்ற வினாவுக்கு நம்மிற் பெரும்பாலோர் தயக்கமின்றி நீதிபதி என்றே விடை பகர்வர். தீர்ப்பு நேரியதாயின் அவரைப் போற்றுகின்றோம். கோணியதாயின் அவரையே தூற்றுகின்றோம். இப்பழக்கம் நம் காவிய மரபிலும் வேரூன்றியது. ஆராயாது கொன்ற பழி பாண்டியன் தலையில் விழுந்தது. அவன் அதனை ஏற்று உயிர் துறந்தான். அந்தப் பொற்கொல்லனை அரண்மனைப் பணிக்கு அமர்த்தியவர் யார், அவன் சொல்லைக் கேட்டுக் கொலைக்களம் சென்ற காவலரைத் தெரிவு செய்தவர் யார் என்ற கேள்விகள் நம் மனத்தில் எழுவதே இல்லை. இக்கட்டுரை அத்தகைய கேள்வியொன்றையே கேட்க முனைகின்றது. நீதிமன்றத்துக்கு ஆளை நியமிப்பவர், இடம் மாற்றுபவர், விடுமுறை வழங்குபவர், பதவி உயர்த்துபவர், ஒழுக்காற்று விசாரணைக்கு உட்படுத்துபவர் ஆகிய அந்த நிருவாகி, இன்றைய வழக்கிற் சொல்வதாயின் மூத்த மனித வள முகாமையாளர், நீதி வழங்குவோருள் ஒருவரா? ஆம் எனின் அவருக்கு உரிய அறம் யாது?

இவ்வினா எனக்கு நூல்நிலையத்திற் பிறந்ததன்று. டிக்கோயாவிலே தோட்டமொன்றில் வாழும் என் அத்தை, தம்மையும் இரு பிள்ளைகளையும் கைவிட்ட கணவரிடமிருந்து தாபரிப்புப் பணம் கோரி வழக்குத் தொடுத்திருந்தார். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக இருந்த காலம் அது. பல்கலைக்கழக விடுமுறையில் வீட்டிலிருந்த நானே அவருக்குத் துணையாகச் சென்று வந்தேன். எந்த நீதிமன்றம் என்பது ஈண்டு வேண்டியதில்லை. மலையகத்து நீதிமன்றம் ஒன்று என்பதே போதும். முதற் தவணையில் வழக்குக் கூப்பிடப்பட்டது, உரைபெயர்ப்பாளர் இல்லை, வழக்கு ஒத்திவைக்கப்பட்டது. இரண்டாம் தவணையில் அவர் வேறொரு நீதிமன்றத்துக்கு அன்றைக்கென அனுப்பப்பட்டிருந்தார், மீண்டும் ஒத்திவைப்பு. ஒவ்வொரு தவணைக்கும் அத்தைக்கு ஒரு நாட் சம்பளம் போயிற்று. பஸ் கட்டணம் போயிற்று. மலைக்குப் போகாத நாளுக்குக் கங்காணியிடம் விளக்கமும் சொல்ல வேண்டியிருந்தது.

மூன்றாம் தவணையில், இரு மொழியும் ஓரளவு அறிந்த ஒருவர் அங்கிருந்தார். அவரைக் கொண்டு விசாரணை தொடங்கியது. கணவர் தோட்டத்தில் வேலை செய்த நாட்களில் என்ன உழைத்தார் என்று கேட்கப்பட்டது. அத்தை, மாதத்திற் பாதி நாள் அவருக்கு அரைப்பேர்தான் விழும் என்றார். தோட்டத்திற் பிறந்த எவருக்கும் இது விளங்கும். செக்ரோலிற் பதியப்படும் ஒரு முழுநாள் உழைப்பு ஒரு பேர்; எடை குறைந்தாலோ நேரத்துக்கு வராவிட்டாலோ அரைப்பேர், அதாவது அரைநாட் கூலி. உரைபெயர்த்தவர் அதனை ஆட்களிற் பாதி என்று விளங்கிக்கொண்டார். வேலைக்குச் செல்வோரிற் பாதிப் பேர் என்ற பொருளிற் சிங்களத்திற் போயிற்று. நீதவான் புருவத்தை உயர்த்தினார். கேட்டதற்குப் பதில் சொல்லுமாறு அத்தைக்குக் கூறப்பட்டது. அத்தை திகைத்து, சொன்னதையே மறுபடியும் சொன்னார். கேள்விக்குப் பதில் சொல்லாத சாட்சி என்ற தோற்றம் அம்மண்டபத்தில் உருவாவதை நான் பின்வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கே நீதவான் தவறிழைத்தார் என்று நான் கூறமாட்டேன். தமக்குச் சொல்லப்பட்டதை வைத்தே அவர் கேட்டார். உதவிக்கு வந்தவரும் நல்லெண்ணத்துடனேயே வந்தார். அத்தை சொன்னதோ முற்றிலும் உண்மை. அவ்வாறாயின் அந்த அநீதி எங்கே பிறந்தது? அங்கிருந்து பல மைல் தொலைவில், யாரோ ஒருவருடைய மேசையில், ஒரு வெற்றிடம் நிரப்பப்படாத கோவையிலே பிறந்தது என்பதே நான் கண்ட விடை.

அந்த மேசை எது என்பதைச் சிறிது விளக்குதல் தகும். நமது நாட்டில் முதனிலை நீதிமன்ற நீதிபதிகளின் நியமனம், இடமாற்றம், பதவி நீக்கம், ஒழுக்காற்றுக் கட்டுப்பாடு ஆகியன நீதிச் சேவை ஆணைக்குழுவிடம் உள்ளன. சோல்பரி அரசியலமைப்பின் கீழ் உருவான இவ்வாணைக்குழு 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பில் வேறு சபைகளுக்கு இடம்விட்டு, 1978இல் மீண்டும் வந்தது. பிரதம நீதியரசரும் உயர் நீதிமன்ற நீதியரசர் இருவரும் அதன் உறுப்பினர். நீதிபதிகள் மட்டுமல்லர்; பதிவாளர், பிஸ்கால், உரைபெயர்ப்பாளர், சுருக்கெழுத்தாளர், தட்டெழுத்தாளர் முதலியோரும் அதன் ஆளுகைக்கு உட்பட்டோரே. ஆணைக்குழுவின் செயலாளர் சிரேட்ட நீதித்துறை அலுவலருள் ஒருவராக இருத்தல் வேண்டும் என அரசியலமைப்பு விதிக்கின்றது. ஆளணிக் கோவைகளைப் பார்ப்பதற்கு ஏன் ஒரு நீதிபதி வேண்டும்? திறமையுள்ள எந்த நிருவாகியும் போதாரா? இது வெறும் எழுதுவினைஞர் வேலையன்று, நீதியோடு தொடர்புடைய வேலை என்பதைச் சட்டம் தன்னையறியாமலே ஒப்புக்கொண்டுவிட்டது என்றே எனக்குத் தோன்றுகின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நீதிமன்றங்களிலோ மனித வள முகாமையாளர் என்ற பெயரிலேயே பதவிகள் உள்ளன. பெயர் யாதாயினும் பணி ஒன்றே.

'மனித வளம்' என்னும் சொற்றொடர் குறித்து ஒரு வார்த்தை. நிலவளம், நீர்வளம் என்பவற்றுடன் மனிதரையும் சேர்த்து எண்ணும் இச்சொல் என் செவிக்கு இனிமையாக இல்லை. பெரட்டுக் களத்தில் அதிகாலையில் நிறுத்தி எண்ணப்பட்டோரின் பேரப்பிள்ளைக்கு அவ்வாறு தோன்றுவது இயல்பே. ஆயினும் வேறு சொல் வழக்கில் இல்லாமையால் அதனையே ஆள்கின்றேன்.

நம் முன்னோர் இம்மேசையின் கனத்தை அறியாதவரல்லர். திருக்குறளின் பொருட்பாலில் அதிகாரங்கள் நிற்கும் முறையை நோக்குக. தெரிந்து தெளிதல் 51ஆம் அதிகாரம். தெரிந்து வினையாடல் 52ஆம் அதிகாரம். அவற்றின் பின் சுற்றந்தழாலும் பொச்சாவாமையும். அதன் பின்னரே, 55ஆம் அதிகாரமாகச் செங்கோன்மை வருகின்றது. ஆளைத் தெரிதல், தெரிந்தவரை உரிய வினையில் அமர்த்தல், சுற்றத்தாரைத் தழுவுதல், மறதியின்றி இருத்தல் ஆகிய நான்கு படிகளையும் கடந்த பின்னரே செங்கோல் பேசப்படுகின்றது. அதிகார வைப்புமுறை வள்ளுவர் செய்ததா, பின்வந்தோர் செய்ததா என்ற ஆராய்ச்சியைத் தமிழ்த்துறையினரிடம் விட்டுவிடலாம். யார் வைத்திருப்பினும் பொருளறிந்தே வைத்தனர். பொச்சாவாமை, அதாவது மறவாமை, செங்கோன்மைக்கு முந்திய படியாக நிற்பது என்னை வியக்க வைக்கின்றது. நிரப்பப்படாத வெற்றிடம் என்பது மறதியன்றி வேறென்ன?

முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) இன்னும் நுட்பமானவை. ஊர் வாரியங்களுக்கு ஆளெடுக்க முப்பத்தைந்து வயதுக்கு மேலும் எழுபதுக்கு உட்பட்டும் இருத்தல், கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் விலக்கல், அண்மைய மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தோரை விலக்கல் என விதிகள் அடுக்கப்பட்டுள்ளன. இவ்வளவும் பார்த்த பின்னும் இறுதித் தெரிவு மனிதர் கையில் விடப்படவில்லை. குடத்தில் இட்ட ஓலையை ஒரு சிறுவன் எடுக்கிறான். தகுதியைக் கண் திறந்து பார். தகுதியுள்ளோருள் இன்னாரைத் தெரியும் கட்டத்திற் கண்ணை மூடிக்கொள் என்பதே அந்த ஏற்பாட்டின் உட்பொருள். இதனை மனத்திற் கொள்ளுமாறு வாசகரை வேண்டுகின்றேன். பின்னர் இதற்கு மீள்வோம்.

இனி எதிர்வாதத்தை நோக்குவோம். ஆளணி அலுவலர் விதிகளைப் பின்பற்றுபவர் மாத்திரமே. தாபனக் கோவை கூறுவதை அவர் செய்கிறார். திறைசேரி அனுமதிக்காத பதவிக்கு அவர் ஆள் சேர்க்க இயலாது. பரீட்சை நடத்தப்படாத ஆண்டில் அவர் நியமனம் வழங்க இயலாது. ஆகவே விளைவுக்கு அவரைப் பொறுப்பாக்குதல் முறையன்று என்பது அவ்வாதம். இது எளிதிற் தள்ளத்தக்கதன்று. செய்யக்கூடியதையே செய்யுமாறு கடமை பணிக்கும் என்பது ஜேர்மானிய மெய்யியலாளர் காண்ட் முதலாகப் பலரும் ஏற்றுக்கொண்ட நெறி. மாக்ஸ் வெபரோ பணியாட்சி முறையின் சிறப்பே அது ஆள் முகம் பாராது இயங்குவதில் உள்ளது என்று விளக்கினார். முகம் பாராமை ஒரு வகையில் ஏழைக்குப் பாதுகாப்பு. முகம் பார்க்கும் ஆட்சியில் எங்கள் லயத்து மனிதரின் முகத்தை யார் பார்க்கப் போகின்றார்கள்?

ஆயினும் இவ்வாதம் எங்கே கொண்டு சேர்க்கின்றது என்பதை ஹன்னா ஆரெண்ட் காட்டியுள்ளார். பணியாட்சி என்பது ஈற்றில் எவருமே ஆளாத ஆட்சியாகிவிடும் என்பது அவருடைய எச்சரிக்கை. கொடுங்கோலனிடம் விளக்கம் கேட்கலாம். எவருமற்ற ஓர் ஆட்சியில் யாரிடம் கேட்பது? என் அத்தை இழந்த மூன்று நாட் சம்பளத்தை எடுத்தவர் யார்? விடுமுறை வழங்கியவர் விதிப்படி வழங்கினார். வேறு நீதிமன்றுக்கு அனுப்பியவர் அங்குள்ள தேவையின் பொருட்டு அனுப்பினார். வெற்றிடத்தை நிரப்பாதவர் அனுமதிக்காகக் காத்திருந்தார். அனுமதி வழங்காதவர் நிதியில்லை என்றார். ஒவ்வொரு கையும் சுத்தமாகவே இருக்கின்றது. ஆனால் காசு போய்விட்டது.

ஆகவே அந்த அலுவலரிடம் நாம் கோருவது ஆற்றலுக்கு மீறியதாக இருத்தலாகாது. ஆற்றலுக்கு உட்பட்டதை அவர் தவிர்க்கவும் கூடாது. பதவியைப் படைக்க அவரால் இயலாதிருக்கலாம். பதவி இன்மையால் நேர்ந்தது யாது என்பதை அறிந்துகொள்ள அவரால் இயலும். எந்த நீதிமன்றில், எந்த மாதத்தில், எத்தனை வழக்குகள் உரைபெயர்ப்பாளர் இன்மையை மாத்திரம் காரணமாகக் கொண்டு ஒத்திவைக்கப்பட்டன என்ற கணக்கைப் பதிவாளரிடம் கேட்டுப் பெறலாம். அதனைத் தமக்கு மேலுள்ளோரின் மேசையில் வைக்கலாம். அறியாதிருத்தல் அவருக்கு வசதியாக இருக்கும். அவ்வசதியை அவர் துறத்தல் வேண்டும். வெற்றிடம் என்பது ஆளற்ற நாற்காலி என்று கோவையில் எழுதப்படுகின்றது. அந்த நாற்காலியின் முன்னே ஒரு மனிதர் வாய் திறக்க முடியாமல் நிற்கின்றார் என்ற செய்தி கோவையிற் பதியப்படுவதில்லை.

இனி உத்திரமேரூர்ச் சிறுவனிடம் மீள்வோம். ஆளணி அலுவலர் எதனைப் பார்த்தல் வேண்டும், எதனைப் பாராதிருத்தல் வேண்டும்? நமது நாட்டு வரலாற்றில் இவ்வினா மிகவும் கூர்மையாக எழுந்தது 1962ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டு சனவரியில் முறியடிக்கப்பட்ட இராணுவப் புரட்சி முயற்சி தொடர்பாகக் குற்றஞ்சாட்டப்பட்டோரை விசாரிப்பதற்கு விசேட சட்டமொன்று இயற்றப்பட்டது. யூரர் இன்றி விசாரிக்கும் மூன்று நீதியரசரைப் பெயர் குறித்து நியமிக்கும் அதிகாரம் நீதி அமைச்சருக்கு வழங்கப்பட்டது. அவ்வாறு அமர்ந்த மூவரும், தம்மை அமர்த்திய அந்த ஏற்பாடே அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்து எழுந்து சென்றனர். அம்மூவரில் எவரும் நேர்மையற்றவர் என்று யாரும் சொல்லவில்லை. அமைச்சர் தீய நோக்குடன் தெரிந்தார் என்பதும் தீர்ப்பன்று. இன்ன வழக்குக்கு இன்ன நீதிபதி என்று பொறுக்கும் கையே நீதியின் ஒரு பகுதி; அக்கை வழக்கில் அக்கறையுள்ள தரப்பினுடையதாக இருத்தல் தகாது என்பதே அதன் சாரம். தம்மை நியமித்த கோவையைத் தாமே திருப்பிக்கொடுத்த அந்தச் செயல் நம் நாட்டு நீதித்துறையின் பெருமைக்குரிய நாட்களுள் ஒன்று என்பது என் கருத்து.

இரண்டாண்டுகளின் பின், 1964இல், இலஞ்ச ஒழிப்பு ஆணையாளருக்கும் ரணசிங்க என்பவருக்கும் இடையிலான வழக்கில் கோமறைக் கழகம் ஒரு குற்றத்தீர்ப்பு செல்லாது என்று முடிவு செய்தது. இலஞ்சத் தீர்ப்பாயத்தின் உறுப்பினர் நீதித்துறை அதிகாரத்தைச் செலுத்தினர். ஆனால் நீதிச் சேவை ஆணைக்குழுவினால் நியமிக்கப்பட்டிருக்கவில்லை. சாட்சியம் சரியா பிழையா என்ற ஆய்வுக்கு அங்கே இடமே எழவில்லை. நியமனக் கடிதத்திற் கையெழுத்திட்டவர் உரியவரல்லர். ஆகவே தீர்ப்பு இல்லை. சட்ட மாணவர் இதனை அரசியலமைப்பின் மேலாண்மைக்கு உதாரணமாகப் படிப்பர். நான் வேறொன்றைக் காண்கின்றேன். ஆளணி மேசையின் பிழை ஆசனத்திற் செய்த நீதியையும் அழிக்க வல்லது. அவ்வாறாயின் அம்மேசையின் நேர்மை ஆசனத்து நீதியின் பாதி என்றாவது நாம் ஒப்புக்கொள்ள வேண்டாமா?

எனினும் இதே வினா தோட்டத் தொழிலாளர் பெரிதும் நாடும் தொழில் நியாய சபைகள் குறித்து எழுந்தபோது, 1967இல், கோமறைக் கழகத்தின் பெரும்பான்மையினர் அச்சபைத் தலைவர்கள் நீதித்துறை அலுவலர் அல்லர் என்று கூறி அவர்களின் நியமனத்தை ஏற்றுக்கொண்டனர். தொழிலாளியின் வேலை பறிபோவது பற்றிய முடிவு நீதித்துறை முடிவாகக் கருதப்படவில்லை! இன்று அத்தலைவர்களையும் நீதிச் சேவை ஆணைக்குழுவே நியமிக்கின்றது என்பது ஆறுதல்.

ஆக, வழக்காளியின் முகத்தைப் பாராதிருத்தல் இம்மேசையின் முதற் கடமை. எந்த வழக்கு எவரிடம் போகின்றது, அதனால் யார் வெல்வார் என்ற எண்ணம் இடமாற்றப் பட்டியலிற் புகுந்த கணமே அது ஊழலாகிவிடும். ஆனால் இங்கேதான் என் மனத்தில் ஒரு முரண் எழுகின்றது. வழக்காளியைப் பாராதிருக்கப் பழகிய கண், வழக்காளர் வாழும் இடத்தையும் பாராதிருக்கப் பழகிவிடுகின்றது. எல்லா நீதிமன்றும் ஒன்றே, எல்லா உரைபெயர்ப்பாளரும் ஒருவரே, தமிழ் என்றால் எங்கும் ஒரே தமிழ் என்று அக்கண் கருதத் தொடங்குகின்றது.

சட்டத்தின் ஏட்டில் எமக்குக் குறை பெரிதில்லை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பும் அதன் பின் 1988இல் வந்த 16ஆம் திருத்தமும் சிங்களமும் தமிழும் நாடெங்கும் நீதிமன்ற மொழிகள் என்கின்றன. வடக்கும் கிழக்கும் போலத் தமிழ் நிருவாக மொழியாக இல்லாத பிரதேசங்களிற் பதிவேட்டின் மொழி சிங்களம்; அங்கே அம்மொழி அறியாத தரப்பினருக்கு அரசின் செலவில் உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் உரிமை. நுவரெலியா மாவட்ட மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் தமிழ் பேசுவோர். 1999இல் அம்பகமுவ உள்ளிட்ட அம்மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிருவாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. ஆயினும் உரிமை என்பது காகிதத்திலிருந்து எழுந்து வந்து கூண்டினருகே நிற்க வேண்டுமாயின் அதற்கு ஒரு மனித உடல் வேண்டும். அவ்வுடலை அங்கே அனுப்புபவர் ஆளணி அலுவலர். வந்து நிற்பவர் பேர் என்றால் என்ன, கொந்தரப்பு என்றால் என்ன, கைக்காசு என்றால் என்ன என்று அறியாதவராயின் உரிமை வந்தும் வராததே. தோட்டத்திலே பல தலைமுறை உழைப்பின் கணக்கு இச்சொற்களிலேயே கிடக்கின்றது. அகராதியில் இவற்றைத் தேடிப் பயனில்லை. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ நடத்தப்படும் பரீட்சைத் தாளில் இவை இடம்பெறப் போவதுமில்லை.

மொழித் தேர்ச்சியை அலுவலரின் சம்பளத்தோடு பிணைக்கும் முறை நமக்குப் புதிதன்று. அது புண்படுத்திய வரலாறு உண்டு. கேகாலைக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த கோடீஸ்வரன் சிங்களத் தேர்ச்சி இன்மையால் 1962இல் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்டு வழக்காடினார். மாவட்ட நீதிமன்று அவர் பக்கம் நின்றது. உயர் நீதிமன்று அரச ஊழியர் சம்பளத்துக்காக முடியை எதிர்த்து வழக்கிட இயலாது என்றது. 1969இல் கோமறைக் கழகம் வழக்கிட இயலும் என்றது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற மூல வினாவுக்கோ விடை கூறாது வழக்கைத் திருப்பி அனுப்பியது. ஒரு சுற்றறிக்கை, ஒரு சம்பள ஏற்றம், ஓர் எழுதுவினைஞர். நாட்டின் முதன்மையான அறவினாவொன்று ஆளணிக் கோவையின் வடிவிலேயே நீதிமன்றப் படியேறியது. அக்கருவி அன்று கதவடைக்கப் பயன்பட்டது என்பதனால் அதனை முற்றாக வீசிவிட வேண்டுமா? 2007 முதல் அரச சேவையிற் சேர்வோர் மற்றைய அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெறல் வேண்டும் என்ற விதி உள்ளது. மக்களை அலுவலரின் மொழிக்கு இழுப்பதும், அலுவலரை மக்களின் மொழிக்கு அனுப்புவதும் ஒன்றல்ல. ஐக்கிய அமெரிக்காவில் நீதிமன்ற உரைபெயர்ப்பாளருக்குத் தகுதிச் சான்று வழங்கும் பொறுப்பை நீதிமன்றங்களின் நிருவாக அலுவலகப் பணிப்பாளரிடமே சட்டம் ஒப்படைத்தது. அச்சட்டம் பிறந்த ஆண்டும் 1978 என்பது தற்செயலான ஒற்றுமை.

இதுவரை அலுவலரின் கண் நீதிமன்றத்துக்கு வருவோரை நோக்குவது பற்றிப் பேசினேன். அவருடைய கைக்குள் இருப்போரும் மனிதரே அல்லவா? உரைபெயர்ப்பாளருக்கும் வீடு உண்டு. முதிய தாய் உண்டு. பிள்ளையின் பாடசாலை உண்டு. வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ வந்து மலைநாட்டுக் குளிரில் வாடகை அறையில் வாழும் ஒருவர், எனக்கு ஊருக்கு மாற்றம் தாருங்கள் என்று விண்ணப்பிப்பது தவறன்று. விண்ணப்பதாரியின் துயரம் கடிதமாக அலுவலரின் மேசையில் இருக்கின்றது. அவர் போனால் துயருறப்போகும் தோட்டத்து மக்கள் கடிதம் எழுதுவதில்லை; தாம் இழக்கப்போவது யாது என்பதையே அவர்கள் அறியார். முகமுள்ள ஒருவருக்குக் காட்டும் கருணை முகமற்ற பலருக்குச் செய்யும் கொடுமையாக மாறும் இவ்விடமே ஆளணி அறத்தின் கடினமான இடம். கருணையை மறுத்துவிடு என்று நான் கூறத் துணியேன். கருணை காட்டும் கை, மாற்றாக வருபவரின் கடிதத்திலும் அதே நாளிற் கையெழுத்திடல் வேண்டும் என்று கூறத் துணிவேன்.

தண்டனை இடமாற்றம் என்ற ஒன்றும் அரச சேவையில் வழக்கிலுள்ளது. தூரப் பிரதேசத்துக்குத் தூக்கி எறிதல் என்று அதனைப் பேச்சு வழக்கிற் கூறுவர். எந்தத் தூரம்? யாருக்குத் தூரம்? அங்கே பிறந்து வாழ்வோருக்கு அது ஊர். ஒழுங்கீனமான அலுவலரை ஓர் ஊருக்குத் தண்டனையாக அனுப்புகையில் அவ்வூரைச் சிறைச்சாலை என்று தீர்ப்பிட்டுவிடுகின்றோம்; செய்யாத குற்றத்துக்கு அவ்வூரார் அந்த அலுவலரைத் தண்டனையாகப் பெறுகின்றனர். ஒழுக்காற்று அதிகாரம் கையிலுள்ளோர் இவ்வொன்றையாவது சிந்தித்தால் மலையகத்தின் எத்தனையோ அலுவலகங்கள் திருந்தும்.

மேசைக்கு உரிய துணிவு பற்றியும் சிறிது சொல்லியாக வேண்டும். ஆணைக்குழுவின் தீர்மானங்களிற் செல்வாக்குச் செலுத்த முனைதல் குற்றம் என்று சட்டம் விதித்துள்ளது. ஆயினும் 2012 செப்தெம்பரில் ஆணைக்குழுவின் செயலாளர் மஞ்சுள திலகரத்ன, ஆணைக்குழு மீது அழுத்தம் பிரயோகிக்கப்படுவதாகப் பகிரங்க அறிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. அடுத்த மாதம் 7ஆம் திகதி கல்கிசையிற் பட்டப்பகலிலே அவர் தாக்கப்பட்டார். அதன் தொடர்ச்சியாக நிகழ்ந்தவை, 2013 சனவரியிற் பிரதம நீதியரசர் பதவி நீக்கப்பட்டது வரை, அனைவரும் அறிந்தவை. இடமாற்றக் கோவைகளைக் காப்பது வெறும் எழுத்துவேலை என்போர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

அத்தையின் வழக்குக்கு வருகின்றேன். நான்காம் தவணையில் நிரந்தர உரைபெயர்ப்பாளர் வந்திருந்தார். மட்டக்களப்பைச் சேர்ந்தவர், மலைநாட்டுக்கு வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. பழைய வழக்கப்படி எல்லாரும் அவரை முதலியார் என்றே அழைத்தனர். அத்தை மீண்டும் அரைப்பேர் என்றதும் அவர் சற்றுத் தாமதித்து, "அரைநாட் சம்பளத்தையா சொல்றீங்க அம்மா?" என்று கேட்டார். அத்தையின் முகம் மலர்ந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. சாட்சியம் பத்து நிமிடத்தில் முடிந்தது. அடுத்த தவணையிற் தாபரிப்புக் கட்டளை கிடைத்தது.

வெளியே மரத்தடியில் அவரைக் கண்டு நன்றி கூறச் சென்றேன். பையிலிருந்து ஒரு சிறு கொப்பியை எடுத்துக் காட்டினார். இங்கு வந்த நாள் முதலாகக் காதில் விழுந்த தோட்டத்துச் சொற்களை எழுதி, எதிரே சிங்களத்தில் விளக்கம் எழுதி வைத்திருந்தார். பேர், அரைப்பேர், பெரட்டு, கவ்வாத்து, கொந்தரப்பு. "தம்பி, கைக்காசுக்கும் கொந்தரப்புக்கும் என்ன வித்தியாசம், சரியாச் சொல்லுங்க" என்று கேட்டு, நான் சொன்னதையும் நின்றபடியே குறித்துக்கொண்டார். தாய் நோயுற்றிருப்பதால் ஊருக்கு மாற்றம் கேட்டிருப்பதாகவும் அது கிடைத்துவிட்டதாகவும் அப்போதுதான் சொன்னார். தமக்குப் பதிலாக யார் வருகிறார் என்பது தெரியவில்லை என்றும், தெரிந்தால் இக்கொப்பியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றும் கூறினார்.

பஸ்ஸிற் திரும்பி வருகையில் அத்தையிடம் இதனைச் சொன்னேன். நல்ல மனிதரை இழக்கின்றோமே என்று வருந்துவார் என எண்ணினேன். அவர் யன்னலுக்கு வெளியே கொழுந்து மலையைப் பார்த்தபடி, "போகட்டும் தம்பி, பெத்தவளப் பாக்காம எப்புடி?" என்றார். சிறிது நேரத்தின் பின், அடுத்த லயத்து மீனாட்சிக்கு வரும் மாதம் தவணை இருக்கிறதே என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.